தறிக்கூடத்தில் பீடி: இளம்பிள்ளை வட்டாரத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலையை ஒட்டிய ஊர்களில் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடுகிறது. இந்த ஆய்வில் வரும் கூடம் இளம்பிள்ளை வட்டாரத்தில் உள்ளது. 16 தறிகள், சிமெண்ட் அட்டைக் கூரை, ஒரே வாசல். ஷிப்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நான்கு தறி. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஆள் மாறும்; இந்த வாரம் பகல் பார்த்தவருக்கு அடுத்த வாரம் இரவு. கூலி சேலைக் கணக்கில். தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) சுற்றும் வேலையைப் பகலில் இரண்டு பெண்கள் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரின் கணவரும் அதே கூடத்தில்தான் தறி ஓட்டுகிறார்.

தறிக்காரர்கள் எட்டுப் பேரில் ஆறு பேர் புகைப்பவர்கள். ஐவருக்குப் பீடி, 24 வயதான ஒருவருக்குச் சிகரெட். நூலும் பஞ்சும் பறக்கும் இடம் என்பதால் கூடத்துக்குள் யாரும் பற்றவைப்பதில்லை. வாசலுக்கு வெளியே, மீட்டர் பெட்டியை ஒட்டிய சுவரோரம்தான் அதற்கான இடம்.

அங்கே வேலை செய்யும் 52 வயதுக்காரர் ஒருவருக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியதால் சளிப் பரிசோதனை செய்யப்பட்டது. காசநோய் இல்லை, பல ஆண்டுப் பீடியால் வந்த நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்றார் மருத்துவர். அவரைப் பின்தொடர்ந்து பார்க்கப் போன வட்டாரச் சுகாதாரக் குழு, ஒருவருக்கு மட்டும் ஆலோசனை சொல்லிப் பயனில்லை என்று முழுக் கூடத்தையும் எடுத்துக்கொண்டது. சுவரோரத்தில் மற்றவர்கள் நிற்கும்போது ஒருவர் மட்டும் விட்டுவிட்டு அங்கேயே வேலை பார்ப்பது எளிதல்ல.

எல்லாருக்கும் தெரிந்த எச்சரிக்கை

அந்தக் கூடத்துக்கு முன்பே ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வந்து போயிருந்தது. கறுத்த நுரையீரல் படம் காட்டினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், உறுதிமொழி வாங்கினார்கள். கூட்டம் முடிந்ததும் பாதிப் பேர் நேராகச் சுவரோரத்துக்குப் போனதாகத் தார் சுற்றும் பெண்கள் சொன்னார்கள். அதற்கு முரட்டுத்தனம் காரணமில்லை. அச்சம் கொடுத்த பதற்றத்தைத் தணிக்க அவர்கள் கையில் இருந்த ஒரே வழி அதுதான். என்ன செய்து தப்பிப்பது என்று சொல்லாமல் பயத்தை மட்டும் ஏற்றினால், கேட்பவர் பேச்சை ஒதுக்குவார். பழக்கத்தை ஒதுக்க மாட்டார்.

தகவல் குறைவும் இல்லை. புகையிலைக் காட்சி வரும் படங்களில் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்ற விதி 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. திரையரங்கில் வரும் அந்த வாசகத்தைப் பீடி குடிக்கும் ஐவருமே மனப்பாடமாகச் சொன்னார்கள்.

சொல்லப்பட்ட விதத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, படங்களில் இருந்தது சிகரெட். 2016-17 இல் எடுக்கப்பட்ட வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் புகைப்போர் 10.7 சதவீதம், பீடி பிடிப்போர் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்போர் 4 சதவீதம். "அது சிகரெட்காரனுக்கு வர்றதுங்க, பீடி இலைதானே" என்று ஒருவர் சொன்னதற்கு இடம் கொடுத்தது அந்தப் படங்கள்தான். உண்மையில் பீடி அதற்கு நேர்மாறு. சுற்றியுள்ள இலை சீராக எரியாது. இழுப்பதை நிறுத்தினால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுப்பதால் உள்ளே இருக்கும் புகையிலை குறைவாக இருந்தும் புகையின் கரிப்பிசினான தாரும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே நெஞ்சுக்குள் போகின்றன.

இரண்டாவது, 24 வயதுக்காரர் சிகரெட்டைப் பெட்டிக்கடையில் சில்லறையாக, ஒன்றிரண்டாக வாங்குகிறார். பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது 2016 இல் இருந்து விதி. 2018 முதல் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணும் அதில் அச்சாகிறது. சில்லறையில் வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் படுவதில்லை. அப்படி ஓர் எண் இருப்பதே அவருக்குத் தெரியாது.

கவனித்தவை

குழு உடனே எதையும் பேசவில்லை. பகல் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் உட்கார்ந்து, யார் எப்போது வெளியே போகிறார், போவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று மட்டும் குறித்தது. இந்த ஆய்வில் மிகவும் பயன்பட்ட வேலை இதுதான்.

தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் பேச்சு விளங்காது. சைகைதான். அதனால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும் என்றால், கடன் கேட்பதோ பையன் படிப்பைப் பற்றியோ எதுவானாலும், வெளியே வர வேண்டும். வெளியே வர ஒரு காரணம் வேண்டும். பீடி குடிக்கும் 44 வயதுக்காரர் ஒருவர் இதைத் தெளிவாகவே சொன்னார்: "பீடி குடிக்கப் போறேன்னா ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. சும்மா நின்னா, ஏன் நிக்கறேன்னு கேப்பாரு."

புகைக்காத இரண்டு பேரின் நிலை இதை உறுதி செய்தது. அவர்கள் இருவரும் சாப்பாட்டு நேரம் தவிர வெளியே வருவதே அரிது. அவர்களில் ஒருவர் அண்மையில் சேர்ந்த 19 வயதுப் பையன். இரவு ஷிப்டில் அவன் மற்றவர்களோடு வெளியே வந்து, ஒரு பீடியை வாங்கிப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றான். முதலாளியின் மகன் வாசலில் எட்டிப் பார்த்தபோது அதை வாயில் வைத்தான். ஒரு பையன் பீடிக்கு வந்து சேரும் வழி இப்படித்தான் இருக்கிறது. ருசி அவனுக்கு இன்னும் தெரியாது, ஓய்வுக்கான அனுமதிச் சீட்டு எது என்பது தெரிந்துவிட்டது.

நேரக் கணக்கும் ஒரே மாதிரி இல்லை. பாவு (நீள நூல்) அறுந்து ஒவ்வொரு இழையாகப் பிணைத்து முடித்த பிறகு ஒரு பீடி. டீ வந்தால் ஒன்று. இரவு 2 மணியிலிருந்து 4 மணிக்குள் தூக்கத்தை விரட்ட அடுத்தடுத்து. மின்சாரம் நின்றால் எல்லாரும் வெளியே. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்படும் நாளில்தான் பீடி மிக அதிகமாக எரிகிறது, ஏனென்றால் அன்று கைக்கு வேலை இல்லை. வீட்டில், காலையில் எழுந்ததும் ஒன்று. அது இல்லாமல் "வெளிக்கு வராது" என்று மூவர் சொன்னார்கள்.

இதில் உடம்பின் பங்கும் உண்டு. இழுத்த புகையின் நிகோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தேவை திரும்பத் திரும்ப எழுவதற்கு அது போதும். ஆனால் உடம்பு மட்டும்தான் காரணம் என்றால் ஒரு செய்தி பொருந்தவில்லை. இவர்களில் இருவர் ஆண்டுதோறும் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள். மாலை கழுத்தில் இருக்கும்வரை, ஒரு மண்டலம், பீடியைத் தொடுவதில்லை. நிகோட்டின் இல்லாத எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கிவிடும். ஆக, 41 நாள் முடியும்போது உடம்பு பெரும்பாலும் பீடியை மறந்திருக்கிறது. மாலையைக் கழற்றிய அன்றே மீண்டும் பற்றவைக்கிறார்கள் என்றால், அவர்களை இழுத்தது சுவரோரமும் டீயும் ஐந்து நிமிட ஓய்வும்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் பேச்சு முதலாளியோடு நடந்தது, தொழிலாளரோடு அல்ல. புகைக்கிறாரோ இல்லையோ, ஷிப்டில் எல்லாருக்கும் முறை வைத்து நான்கு தடவை பத்து நிமிட ஓய்வு வேண்டும் என்று கேட்கப்பட்டது. உற்பத்தி குறையும் என்றார். உடல்நலப் பேச்சு அவரை அசைக்கவில்லை. அசைத்தது பழுதுச் சேலைக் கணக்கு. ஒருவர் நினைத்த நேரத்தில் வெளியே போகும்போது நான்கு தறியும் ஆளில்லாமல் ஓடுகின்றன. ஊடை (குறுக்கு நூல்) விட்டுப்போனதை உடனே பார்க்க ஆளில்லை. சேலையில் பழுது விழுந்து, விலையிலும் கூலியிலும் கழிகிறது. நேரம் முன்பே தெரிந்தால் பக்கத்துத் தறிக்காரர் எட்டையும் பார்த்துக்கொள்வார். இதை அவரே தன் நோட்டில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இரண்டாவதாக, ஓய்வுக்கு வேறு இடம். மீட்டர் பெட்டிச் சுவரிலிருந்து விலகி, கூடத்தின் பின்பக்க வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு, தண்ணீர்க் குடம், பொரிகடலை டப்பா. பின்பக்கத்தில் புகைக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. 2008 ஆம் ஆண்டின் பொது இடப் புகைத்தடை விதிகளின்படி பணியிடமும் பொது இடம். அங்கே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதத்தை முன்னே வைத்தால் ஆள் சாலைக்குப் போவார், பேச்சு முறிந்துவிடும். அதனால் சட்டம் சொல்லப்பட்டது, மிரட்டலாகப் பயன்படவில்லை.

மூன்றாவதாக, "விட்டுவிடுங்கள்" என்று யாரிடமும் சொல்லவில்லை. "ஒரு நாளில் எந்தப் பீடியை விடுவது ரொம்பச் சிரமம்?" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கப்பட்டது. 52 வயதுக்காரருக்குக் காலைப் பீடி. 44 வயதுக்காரருக்கு இரவு 3 மணிப் பீடி. 24 வயதுக்காரருக்கு ஷிப்டு முடிந்து நண்பர்களோடு நிற்கும்போது பிடிக்கும் ஒன்று. மற்றவை அவருக்குப் பொருட்டே இல்லை. பிரச்சாரம் ஒரே வாசகத்தை எல்லாருக்கும் சொல்லித் தோற்பது இந்த இடத்தில்தான்.

மருந்தை மருத்துவர் முடிவு செய்தார். தன் முயற்சியால் மட்டும் விடுபவர்களில் ஆறு மாதமோ ஓராண்டோ தாண்டி நிலைப்பவர் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். நிகோட்டின் மாற்று மருந்து (புகை இல்லாமல் நிகோட்டினை அளவாகத் தருவது) அந்த வாய்ப்பை ஒன்றரை மடங்காவது ஆக்குகிறது. எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் பீடி பற்றவைப்பவர் என்பதால் 44 வயதுக்காரருக்கு 4 மி.கி. நிகோட்டின் சூயிங்கம். 52 வயதுக்காரருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை, சூயிங்கம் உதவாது, தோலில் ஒட்டும் 21 மி.கி. நிகோட்டின் ஒட்டுப்பட்டை.

விடும் நாளைக் குறிக்கும்போது இரண்டு நாட்கள் தவிர்க்கப்பட்டன: மின்தடை நாளும் கூலி பட்டுவாடா செய்யும் சனிக்கிழமையும். பகல் ஷிப்டு வாரத்தின் தொடக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஏனென்றால் கடினமான முதல் மூன்று நாள் இரவு ஷிப்டில் விழக் கூடாது. வீட்டுப் பெண்களிடம் சட்டைப் பையைச் சோதிக்க வேண்டாம், சண்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது.

தொடக்க வாரங்கள்

முதலில் சிக்கல் கொடுத்தது சூயிங்கம். சாதாரண மிட்டாய்க் கடைச் சூயிங்கம் போல வேகமாக மென்று எச்சிலை விழுங்கியதில் விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, 44 வயதுக்காரர் இரண்டாம் நாளே "இது நமக்கு ஒத்துக்காதுங்க" என்று நிறுத்திவிட்டார். நிகோட்டின் வாயின் உட்சவ்வு வழியாக ஏற வேண்டியது. வயிற்றுக்குப் போனால் எரிச்சல்தான் மிச்சம். உடன் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டியிருந்தது: நாக்கில் சுருசுருவென்று காரம் தட்டும்வரை மெதுவாக மெல்ல வேண்டும், தட்டியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கினால் மறுபடி சில மெல்லல், வேறு பக்கம் ஒதுக்கல். ஒன்று அரை மணி நேரம் வரும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, ஒரு நாளில் 24 ஐத் தாண்டக் கூடாது, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 12 வாரத்தில் முடிக்க வேண்டும். துப்பியதைத் தாளில் மடித்துக் குழந்தைகள் கை படாமல் போட வேண்டும்.

அப்படியும் இரவில் பலன் குறைவாக இருந்தது. காரணம் டீ. டீயும் காப்பியும் குடித்த வாயில் நிகோட்டின் சரியாக ஏறாது. டீயைக் குடித்து, வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் விட்டுத்தான் சூயிங்கம் என்று மாற்றியதும் 3 மணிப் பீடி நின்றது.

டீயால் இன்னொரு தொல்லையும் வந்தது. இரவு ஷிப்டு முடிந்து பகலில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்றார். புகை, காஃபினைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அதே அளவு டீ உடம்பில் நெடுநேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்து, அதைப் பீடி கேட்கும் தவிப்பு என்றே ஆள் நினைத்துக்கொள்வார். டீயைப் பாதியாகக் குறைத்து, கடைசி இரண்டு வேளை சுக்கு மல்லித் தண்ணீராக்கியதில் சரியானது. விடச் சொல்லும் துண்டறிக்கைகளில் இதைப் பார்க்க முடிவதில்லை. தறிக்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

52 வயதுக்காரருக்குப் பட்டை வியர்வையில் கழன்று விழுந்தது. அட்டைக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசியில் அது நடக்காமல் இருக்காது. குளித்து, நன்றாகத் துடைத்து உலர்ந்தபின் மேல்கையில் முடி இல்லாத இடத்தில் ஒட்டி, பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, தினமும் இடம் மாற்றி ஒட்டியபோது நின்றது. காலையில் மலச்சிக்கல் வந்தது. பீடியை நிறுத்தியவர்களுக்கு இது சில வாரம் இருக்கத்தான் செய்யும். வெந்நீர், கீரை, வாழைப்பழம், இரவில் ராகிக் களி என்று சமாளிக்கப்பட்டது. மூன்றாவது வாரம் இருமல் கூடியதும் அவர் பயந்துவிட்டார்: "விட்டதுக்கு அப்புறம்தான் அதிகமாகுது." மூச்சுக்குழலில் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்குவதால் அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பீடிக்குத் திரும்பவில்லை, பேச வந்தார்.

இருவருக்கும் அதிக ஊக்கம் கொடுத்தது மூச்சு அளவி. ஊதினால் கார்பன் மோனாக்ஸைடு அளவைக் காட்டும் சின்னக் கருவி. 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மேலே காட்டிக்கொண்டிருந்தது, ஓரிரு நாள் பீடி இல்லாததும் மளமளவென்று இறங்கியது. கறுத்த நுரையீரல் படம் செய்யாததை இறங்கும் எண் செய்தது.

ஆடியில் சறுக்கல்

ஆடியில் சேலம் முழுக்க மாரியம்மன் பண்டிகை. தறி நின்றது, உறவுக்காரர்கள் வந்தார்கள், குடியும் சேர்ந்தது. 44 வயதுக்காரர் ஒரே இரவில் பாதிக் கட்டைத் தீர்த்துவிட்டு, மறுநாள் குழுவின் கண்ணில் படாமல் ஒதுங்கினார். "போச்சு, இனி தீபாவளி முடிஞ்சு பாத்துக்கலாம்" என்பது அவர் எண்ணம். நல்ல நாள் பார்த்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை, அன்று காலையிலேயே சூயிங்கத்துக்குத் திரும்பினால் ஒரு சறுக்கலோடு போகும் என்று வீட்டுக்கே போய்ச் சொல்லப்பட்டது. மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் டப்பாவை எடுத்து வந்து வைத்தார். அன்றே தொடங்கினார்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சேலைத் தேவை ஏறியதும் முதலாளி ஓய்வு முறையை நிறுத்திவைத்தார். சுவரோரம் உடனே நிரம்பியது. விட்டிருந்த இருவரும் தாக்குப்பிடித்தார்கள். குறைத்திருந்த ஒருவர் பழைய அளவுக்கே போய்விட்டார். ஓய்வுக்கும் பீடிக்கும் உள்ள கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியிருக்க முடியாது. பண்டிகை முடிந்ததும் ஓய்வு திரும்பி வந்தது.

கார்த்திகை மாலை

மாலை போடும் இருவரில் ஒருவர் 44 வயதுக்காரர். மற்றவர் அதுவரை எதற்கும் சம்மதிக்காதவர். இந்த முறை குழு விரதத்தின் தொடக்கத்தில் வரவில்லை, முடிவுக்குச் சில நாள் முன்பு வந்தது. மலையிலிருந்து திரும்பும் வழியில் வேன் டீக்கு நிற்கும் இடமும், மாலையைக் கழற்றியபின் வரும் முதல் ஷிப்டும்தான் ஆபத்து என்று அவர்களே சொன்னார்கள். குருசாமியிடம் பேசப்பட்டது. மாலையைக் கழற்றும்போது, பீடி விரதம் மட்டும் பங்குனி உத்திரம் வரை தொடரட்டும் என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். மருத்துவர் சொல்லுக்கு இல்லாத எடை அதற்கு இருந்தது. 44 வயதுக்காரர் காத்தார். மற்றவர் வேன் நின்ற இடத்திலேயே பற்றவைத்துவிட்டார். ஆனால் மறுவாரம் தானே வந்து சூயிங்கம் கேட்டார்.

பங்குனியில் இருந்த நிலை

இருவர் புகைப்பதில்லை, மூச்சு அளவியும் அதையே காட்டியது. வேன் நிறுத்தத்தில் பற்றவைத்தவர் சூயிங்கத்தோடு பாதியாகக் குறைத்திருந்தார். தீபாவளியில் பழைய அளவுக்குப் போனவரிடமும் மற்றொருவரிடமும் மாற்றம் இல்லை. அந்த மற்றொருவர் நடுவில் பீடியைக் குறைத்து, வாயில் ஒதுக்கும் புகையிலைக்குப் போனார், அது குறைப்பே ஆகாது. 24 வயதுக்காரர் ஷிப்டு நேரத்தில் பிடிப்பதை விட்டார், மாலை நண்பர்களோடு தொடர்கிறது. 19 வயதுப் பையன் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காருகிறான். கையில் பீடி இல்லை. தறிக்காரர்கள் நாள் முழுக்க ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இடமும் இப்போது அந்தப் பெஞ்சுதான்.

அடுத்த கூடத்தில் மாறுபவை

ஓய்வு நேரம் பண்டிகைக் காலத்திலும் நிற்காது என்பதை முதலாளியிடம் முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். சூயிங்கமும் பட்டையும் ஒருவருக்கு 12 வாரத்துக்குத் தேவையான அளவு கையில் வந்த பிறகே நாள் குறிக்க வேண்டும். நிகோட்டின் மாற்று மருந்து 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது, ஆனாலும் வெளியில் வாங்கினால் ஒரு சூயிங்கத்தின் விலை ஒரு பீடியைவிடப் பல மடங்கு, நடுவில் தீர்ந்தால் ஆள் பீடிக்கே போவார். ஒவ்வொரு சந்திப்பிலும் வாய்க்குள் பார்த்து, ஒதுக்கும் புகையிலை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

24 வயதுக்காரரைப் போன்றவர்களுக்குத் தறிக்கூடத்தில் பேசிப் பயனில்லை. அவர் சிகரெட் வாங்கும் பெட்டிக்கடைக்காரப் பெண்மணி இதற்குச் சம்மதித்திருக்கிறார்: சில்லறையில் கேட்பவருக்கு முன்னால் முழுப் பெட்டியைப் படம் தெரிய வைத்துத்தான் ஒன்றை உருவிக் கொடுப்பார், 1800-11-2356 என்ற எண்ணைக் கடை முகப்பில் எழுதி வைப்பார். பக்கத்துக் கூடத்தின் முதல் நாள் ஆடிப் பண்டிகை முடிந்து வரும் பகல் ஷிப்டு வாரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.